பேச்சுக் கச்சேரி

உலகத்தில் எல்லாவற்றிலும் சுலபமான காரியம் எது என்று கேட்டால், "பேசுவதுதான்" என்று பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். எல்லாவற்றிலும் கஷ்டமான காரியம் எது என்று என்னைக் கேட்டால், "பிறரைப் பேச வைப்பதுதான்" என்று சொல்வேன். பள்ளிக்கூட உபாத்தியாயர்களுக்கு இந்த உண்மை நன்றாய்த் தெரியும். உபாத்தியாயர் வகுப்புக்குள் காலடி வைக்கும் வரையில் ஐம்பது பிள்ளைகளும் ஏககாலத்தில் பேசிக் கொண்டிருப்பார்கள். அவர் உள்ளே வந்து, "யாராவது ஒருவன் எழுந்து அபிப்பிராயத்தைச் சொல், பார்க்கலாம்!" என்றாரோ இல்லையோ, ஐம்பது வாய்களும் அடைத்துப் போய்விடும். கூரையைப் பார்ப்பவர்கள் பாதிப் பேர். பென்ஸிலைச் சீவத் தொடங்குபவர்கள் மீதிப் பேர்.

சிறு பிள்ளைகளின் கதிதான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பெரிய பெரிய வித்வான்களின் கதியும் இதுவேதான். மூன்று மணி நேரம் மேடையில் உட்கார்ந்து சபையைச் சொக்க வைக்கிறவரிடம், "உங்கள் சங்கீதத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் பெரியவர்கள் ஆசீர்வாதம்" என்று மூன்றே வார்த்தையில் மங்களம் பாடிவிடுவார். நானூறு பக்கம் நாவல் எழுதியவருக்கு நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வாயில் வராது. நாடக மேடையில் ராஜாவாய்க் கர்ஜிக்கிறவர், எழுதிக் கொடுத்த வசனம் இல்லாவிட்டால் வேஷ்டி நுனியைத் திருகிக் கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவர்களை வாரந்தோறும் ஓரிடத்தில் கூட்டி, பேசவும் வைத்து, நடுநடுவே பாடவும் ஆடவும் வைத்து, அதை அதே க்ஷணத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பிக் கொடுக்கும் தொழில் ஒன்று உலகில் இருக்கிறது. டெலிவிஷன் உள்ள தேசங்களில் எல்லாம் அது ஏதாவது ஒரு ரூபத்தில் நடந்து வருகிறது. அதற்குத் தமிழில் பொருத்தமான பெயர் இன்னும் நிலைபெறவில்லை. நாம் இப்போதைக்குப் "பேச்சுக் கச்சேரி" என்று வைத்துக் கொள்வோம். கச்சேரி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

*

இதன் மேடை அமைப்பு வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஒரு மேஜை, அதற்குப் பின்னால் சபை நடத்துகிறவர், பக்கத்தில் விருந்தாளிகளுக்கு நாற்காலிகள், ஓர் ஓரத்தில் வாத்திய கோஷ்டி, எதிரே கைதட்டுவதற்கு ஜனங்கள். 1954-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் நியூயார்க் நகரத்திலிருந்து 'டுநைட்' என்ற பெயருடன் தேசம் முழுவதற்கும் ஒளிபரப்பாகத் தொடங்கிய நிகழ்ச்சிதான் இந்த அமைப்பைப் பலருக்கும் வழிகாட்டியாக்கியது. அதை முதலில் நடத்திய ஸ்டீவ் ஆலன் என்பவர் ஹாஸ்யக்காரர் மட்டுமல்ல. பியானோ வாசிப்பவர், பாட்டுக் கட்டுபவர். ஆகவே பேச்சும் சங்கீதமும் பிறந்த நாளிலிருந்தே இந்தக் குழந்தைக்கு இரண்டு கண்கள் என்று சொல்லலாம்.

அமெரிக்கா பெரிய தேசம், பணமும் பெரிது. அங்கே இது வேடிக்கை விநோதமாகவே பெரும்பாலும் வளர்ந்தது. ஆனால் ஒரு சின்னஞ்சிறு தேசத்தில் இதே பேச்சுக் கச்சேரி ஜனங்களுடைய வாழ்க்கையையே அசைத்துப் பார்த்தது. அந்தத் தேசம் அயர்லாந்து.

அயர்லாந்தைப் பற்றி நம்மவர்களுக்கு அதிகமாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டு விடுதலைப் போராட்டத்தின் நாட்களில் டிவாலராவின் பெயர் இங்கே பத்திரிகை படிக்கிறவர்கள் எல்லோருக்கும் பழக்கமான பெயர். அந்த டிவாலராதான், 1961-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி இரவு, ஜனாதிபதி என்ற முறையில் அயர்லாந்தின் டெலிவிஷனைத் தொடங்கி வைத்துப் பேசினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. ஆரம்ப விழாக்களில் வழக்கமாகச் சொல்லும் ஆசியை மட்டும் சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. இந்தப் புதிய சாதனத்தை அணு சக்தியோடு ஒப்பிட்டார். அதனால் அளவிட முடியாத நன்மையும் விளையலாம். பரிகாரமே இல்லாத தீமையும் விளையலாம் என்று எச்சரித்தார். ஒரு ஜாதியாரின் பாஷைக்காகவும் சுதந்திரத்துக்காகவும் வாழ்நாள் முழுவதும் போராடிய பெரியவருக்கு அந்தப் பெட்டியைக் கண்டு பயம் உண்டானதில் ஆச்சரியம் என்ன?

ஆறு மாதம் சென்றது. 1962-ம் வருஷம் ஜூலை 6-ந் தேதி இரவு 'லேட் லேட் ஷோ' என்ற நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. அது கோடைகாலத்தில் காலி நேரத்தை நிரப்புவதற்காகச் சில வாரங்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்யப்பட்டது. மழைக்கு ஒதுங்கிய மனிதர் வீட்டையே சொந்தமாக்கிக் கொண்டது போல, அது இன்று வரையில் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது! அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது; உலகத்தில் மிக நீண்ட காலமாய் நடந்து வரும் பேச்சுக் கச்சேரிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியிருக்கிறது.

அதை முதலில் நடத்தியவர் கே பர்ன் என்ற டப்ளின் நகரத்து இளைஞர். அவருடைய தகப்பனார் அந்நகரத்தில் புகழ் பெற்ற கின்னஸ் மதுபானச் சாலையில் வேலை பார்த்தவர். நிகழ்ச்சியை ஏற்றபோது கே பர்னுக்கு இருபத்தேழு வயது. 1999-ம் வருஷம் மே மாதம் அவர் நாற்காலியை விட்டு எழுந்தபோது அறுபத்து நாலு வயது. இடையில் ஒரு சிறு காலம் நீங்கலாக, முப்பத்தேழு ஆண்டு அவரே அந்தச் சபையை நடத்தினார். 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அவர் காலமானபோது, ஐரிஷ் ஜனங்கள் தங்கள் குடும்பத்தில் ஒருவரை இழந்தது போல் துக்கப்பட்டார்கள்.

*

கே பர்னின் நிகழ்ச்சி நேரடி நிகழ்ச்சி. இந்த வார்த்தையின் பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். முன்னதாகப் பதிவு செய்து வைக்கும் நிகழ்ச்சி ஊறுகாய் மாதிரி. உப்புக் குறைந்தால் சேர்க்கலாம். புளிப்பு ஏறினால் ஜாடியையே ஒதுக்கிவிடலாம். நேரடி நிகழ்ச்சியோ பந்தியில் உட்கார்ந்தவர்கள் எதிரிலேயே அடுப்பை மூட்டிச் சமைப்பது போன்றது. கை தவறினால் தவறியதுதான். வாயிலிருந்து வந்த வார்த்தையை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது.

1966-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இந்த உண்மையை அயர்லாந்து முழுவதும் தெரிந்து கொண்டது. அன்று சபைக்கு வந்திருந்த ஒரு தம்பதியை வைத்து கே பர்ன் சிறு விளையாட்டு ஒன்று நடத்தினார். புருஷனைத் தனியே அனுப்பிவிட்டு மனைவியிடம் சில கேள்விகள். மனைவியைத் தனியே அனுப்பிவிட்டுப் புருஷனிடம் அதே கேள்விகள். இரண்டு பதில்களும் ஒத்துப் போகின்றனவா என்பதுதான் வேடிக்கை. விவாகம் ஆன அன்றிரவு மனைவி உடுத்தியிருந்த இரவு உடையின் நிறம் என்ன என்பது ஒரு கேள்வி. அந்த அம்மாள் சற்று யோசித்துவிட்டு, அன்றைக்கு அப்படி ஒன்றும் உடுத்தவே இல்லையோ என்னவோ என்று சிரித்துக் கொண்டே சொல்லிவிட்டார். சபையும் சிரித்தது. அவ்வளவுதான் சங்கதி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குளோன்பர்ட் என்ற மறைமாவட்டத்தின் பிஷப், தேவாலயப் பிரசங்கத்தில் இந்த நிகழ்ச்சியைக் கண்டித்துப் பேசினார். பத்திரிகைகளில் பெரிய எழுத்துத் தலைப்புகள் வெளியாயின. டெலிவிஷன் அதிகாரிகள் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார்கள். கே பர்னும் வருத்தம் தெரிவித்தார். ஒரு வீட்டு அம்மாள் தமாஷாகச் சொன்ன ஒரே வாக்கியத்துக்கு இத்தனை அமர்க்களம்!

வேடிக்கைக் கதையாகத் தோன்றினாலும் இதன் உள்ளே இருந்த விஷயம் வேடிக்கையல்ல. ஒரு தேசத்தில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று தீர்மானம் செய்கிற அதிகாரம் யாருக்கு? பிரசங்க மேடைக்கா, சட்டசபைக்கா, அல்லது சனிக்கிழமை இரவு வீட்டுக் கூடத்தில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கா? இந்தக் கேள்விதான் அந்த இரவு உடையின் மடிப்பில் மறைந்திருந்தது.

ஐந்து வருஷம் கழித்து, 1971-ம் வருஷம் மார்ச் மாதத்தில், அதே கேள்வி மறைவில்லாமல் வெளியே வந்தது. அன்று பெண்களின் உரிமை இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் சபையில் அமர்ந்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அயர்லாந்தில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கும் பெண், விவாகம் ஆனதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது விதி. 1973-ம் வருஷத்தில்தான் அந்த விதி எடுக்கப்பட்டது. இதையும் இது போன்ற அநீதிகளையும் பெண்கள் பொரிந்து தள்ளிக் கொண்டிருந்தார்கள். காரெட் பிட்ஸ்ஜெரால்டு என்ற அரசியல்வாதி இதைத் தம் வீட்டிலிருந்து பார்த்துக் கொண்டிருந்தார். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே ஸ்டூடியோவுக்குப் புறப்பட்டு வந்து, நடந்து கொண்டிருக்கும் சபைக்குள் நுழைந்து, வாதத்தில் கலந்து கொண்டார்! கூச்சலும் குழப்பமும் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சபையில் பேசிய பெண்களில் ஒருவர் மேரி ராபின்ஸன். 1990-ம் வருஷம் அயர்லாந்தின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வீட்டிலிருந்து ஓடி வந்த பிட்ஸ்ஜெரால்டு 1981-ம் வருஷம் பிரதம மந்திரி ஆனார். பார்த்துக் கொண்டிருக்கிறவர் எழுந்து வந்து கலந்து கொள்ளக்கூடிய சபை எதுவோ, அதுவே உயிருள்ள சபை. பதிவு செய்து வைத்த ஊறுகாயில் இது நடக்குமா?

*

இப்போது சங்கீதத்துக்கு வருவோம்.

பேச்சுக்கு நடுவில் பாட்டு எதற்காக? களைப்பாற்றுவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. ஒரு மனிதரைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிக் கேட்ட பிறகு அவருடைய பாட்டைக் கேட்டால், அதே பாட்டு வேறு பாட்டாகிவிடுகிறது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு தாயாரும் ஒரு வறுமையும் ஒரு பிடிவாதமும் இருப்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதேபோல் பாட்டைக் கேட்ட பிறகு பேச்சைக் கேட்டால், பேச்சிலுள்ள தடுமாற்றம் மன்னிக்கத் தக்கதாகிவிடுகிறது. "பாவம், பேச வராதவர், ஆனால் பேச வேண்டியதை எல்லாம் பாடிவிட்டாரே!" என்கிறோம்.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் 1987-ம் வருஷம் மார்ச் மாதத்தில் நடந்த 'லேட் லேட் ஷோ'. 'டப்ளினர்ஸ்' என்ற நாட்டுப் பாடல் கோஷ்டிக்கு அப்போது வெள்ளி விழா. தாடியும் பான்ஜோவும் கரகரத்த குரல்களுமாக, டப்ளின் மதுக்கடையில் பாடத் தொடங்கி உலகமெல்லாம் பேர் வாங்கிய கோஷ்டி அது. அன்றைய இரவு முழுவதையும் கே பர்ன் அவர்களுக்கே அர்ப்பணம் செய்தார். அவர்களைக் கௌரவிப்பதற்கு வந்தவர்களில் 'யூ டூ' என்ற இளைஞர் கோஷ்டியும் ஒன்று. அந்த மாதம்தான் அவர்களுடைய 'ஜோஷுவா ட்ரீ' இசைத்தட்டு வெளியாகி அவர்களை உலகப் புகழின் சிகரத்துக்குத் தூக்கிக் கொண்டிருந்தது. அந்த இளைஞர்கள், தங்கள் புதுப் பாட்டைப் பாடி விளம்பரம் தேடாமல், சுரங்க விபத்தில் மாண்ட தொழிலாளிகளைப் பற்றிய பழைய பாட்டு ஒன்றைப் பெரியவர்கள் எதிரில் பாடிவிட்டுப் போனார்கள். 'போக்ஸ்' என்ற முரட்டு வாலிபர்களும் அன்று பெரியவர்களோடு சேர்ந்து பாடினார்கள்.

அந்தச் சபையில் இரண்டு குறைகள் இருந்தன. கோஷ்டியின் கணீரென்ற குரலுக்குச் சொந்தக்காரரான லூக் கெல்லி 1984-ம் வருஷமே காலமாகிவிட்டார். ஆரம்ப நாள் முதல் அவர்களோடு இருந்த கியரன் பர்க் 1974-ல் மேடையில் இருக்கும்போதே மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, ஒரு பக்கம் செயலற்றுப் போனவர். பின்னர் அவரால் கோஷ்டியோடு வாசிக்க முடியவில்லை. அந்தக் கியரன் பர்க் அன்று சபைக்கு வந்தார். வாத்தியம் வாசிக்க முடியாத அவர், மறைந்துபோன நாடகாசிரியர் பிரெண்டன் பீஹனுக்காக எழுதப்பட்ட இரங்கற் பா ஒன்றைச் சொன்னார். அடுத்த வருஷம் மே மாதத்தில் அவர் இறந்து போனார். எந்தக் கச்சேரி மண்டபத்திலும் இவருக்கு அன்று இடம் கிடைத்திராது. நுழைவுச் சீட்டு வாங்கினவர்கள் குறை சொல்லியிருப்பார்கள். பேச்சும் பாட்டும் கலந்த அந்தச் சபையில்தான், பாட முடியாத பாடகருக்கும் ஒரு நாற்காலி இருந்தது.

*

கே பர்ன் தவறே செய்யாத உத்தமர் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1993-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஆனி மர்பி என்ற அமெரிக்க மாது அவர் எதிரில் உட்கார்ந்தார். ஒரு பிஷப்பின் குழந்தைக்குத் தாயானவர். அந்த விஷயம் முந்தைய வருஷம்தான் வெளியாகித் தேசத்தைக் குலுக்கியிருந்தது. அன்று கே பர்னின் கேள்விகளில் வழக்கமான இதம் இல்லை. முடிவில் அவர், பையன் தகப்பனாரில் பாதியளவு நல்லவனாக இருந்தாலே போதும் என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அந்த அம்மாள் கோபிக்கவில்லை, அழவில்லை. தானும் அப்படி ஒன்றும் மோசமில்லை என்று அமைதியாய்ச் சொல்லிவிட்டு, எழுந்து வெளியே போய்விட்டார். முப்பது வருஷ அனுபவம் உள்ள சபாநாயகரை அந்த ஒரு வாக்கியம் தோற்கடித்துவிட்டது. விருந்தாளியை நீதிஸ்தலத்தில் நிறுத்துகிறவர், நீதிபதியாகலாம். விருந்தளிப்பவராக இருக்க முடியாது. இதையும் நேரடியாகவே தேசம் பார்த்தது. வெட்டி எறிவதற்கு வசதி இருந்திருந்தால் அந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகந்தான்.

அதே மனிதர் எப்படிக் கேட்கத் தெரிந்தவர் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. அவருக்கு ரேடியோவிலும் ஒரு காலை நிகழ்ச்சி இருந்தது. 1984-ம் வருஷம் ஆரம்பத்தில், கர்ப்பத்தை யாருக்கும் சொல்ல முடியாமல் தன்னந்தனியே பிரசவித்து இறந்துபோன ஒரு பள்ளிச் சிறுமியின் செய்தி அயர்லாந்தை உலுக்கியது. அதைத் தொடர்ந்து அவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. வருஷக் கணக்காக மனதில் பூட்டி வைத்திருந்த துக்கத்தைப் பெண்கள் எழுதியிருந்தார்கள். பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் நிகழ்ச்சியில் அந்தக் கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாய்ப் படித்தார்கள். விருந்தாளி இல்லை, பாட்டு இல்லை, தேசம் முழுவதும் மௌனமாய்க் கேட்டது.

*

பிரெஞ்சு தேசத்தில் இந்தக் கலை வேறு விதமாக வளர்ந்தது. பெர்னார் பிவோ என்பவர் 1975-ம் வருஷம் ஜனவரியிலிருந்து 1990-ம் வருஷம் ஜூன் வரையில், வெள்ளிக்கிழமை தோறும் 'அபோஸ்த்ரோப்' என்ற நிகழ்ச்சியை நேரடியாக நடத்தினார். மொத்தம் 724 சபைகள். வருகிறவர்கள் எல்லோரும் எழுத்தாளர்கள். பேச்சு முழுவதும் புஸ்தகங்களைப் பற்றியது. இம்மாதிரி நிகழ்ச்சியை யார் பார்ப்பார்கள் என்று நாம் கேட்போம். பிரெஞ்சுக்காரர்கள் பார்த்தார்கள்! வெள்ளிக்கிழமை இரவு பிவோ புகழ்ந்த புஸ்தகத்தைச் சனிக்கிழமை காலையில் கடைகளில் தேடினார்கள். பிவோவின் ரகசியம் ஒன்றே ஒன்றுதான். தம் எதிரில் உட்காருகிறவரின் புஸ்தகத்தை அவர் நிஜமாகவே படித்திருப்பார். இது பெரிய ரகசியமா என்று கேட்கலாம். அட்டையை மட்டும் பார்த்துவிட்டு மதிப்புரை எழுதுகிறவர்கள் உள்ள உலகத்தில் இது பெரிய ரகசியந்தான்.

பிவோவுக்கும் சோதனைகள் வராமல் இல்லை. 1975-ம் வருஷம் மே மாதம் பிரபல நாவலாசிரியர் நபக்கோவ் வந்தார். அவருக்கு முன்யோசனை இல்லாமல் பேசுவது என்றால் வேப்பங்காய். கேள்விகளை முன்னதாகவே வாங்கிக் கொண்டு, பதில்களைச் சீட்டுகளில் எழுதி வந்து, எதிரே அடுக்கியிருந்த புஸ்தகங்களின் மறைவில் வைத்துக் கொண்டு படித்தார். பிவோ அடிக்கடி உபசாரமாய், தேநீர்க் கூஜாவைச் சாய்த்து அவருடைய கோப்பையை நிரப்பிக் கொண்டிருந்தார். கூஜாவில் இருந்தது தேநீரல்ல, விஸ்கி! 1978-ம் வருஷம் செப்டம்பரில் வந்த அமெரிக்க எழுத்தாளர் புகோவ்ஸ்கிக்கோ இந்த மறைவெல்லாம் தேவைப்படவில்லை. புட்டியோடு குடித்துவிட்டு, நிகழ்ச்சி முடியும் முன்பே தள்ளாடிக் கொண்டு எழுந்து போய்விட்டார். ஒருவருக்குக் கூஜாவை நிரப்பவும், மற்றவருக்கு வழி விடவும் தெரிந்திருந்ததே பிவோவின் பெருமை. 2024-ம் வருஷம் மே மாதத்தில் அவர் காலமானார்.

இங்கிலாந்தில் மைக்கேல் பார்கின்ஸன் என்பவர் 1971-ம் வருஷம் முதல் பி.பி.ஸி.யில் இதே தொழிலைச் செய்தார். சுரங்கத் தொழிலாளியின் மகன். அவருடைய நிகழ்ச்சி பதிவு செய்து ஒளிபரப்பானதுதான். ஆனாலும் முதல் வருஷத்திலேயே அவர் செய்த ஒரு காரியத்துக்காக சங்கீத உலகம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதத்தின் சிகரமான பிடில் வித்வான் யஹூதி மெனுஹினையும், ஜாஸ் சங்கீதத்தில் பிடிலுக்குப் பேர் வாங்கித் தந்த ஸ்தெபான் கிராப்பெல்லியையும் ஒரே மேடையில் நிற்க வைத்துச் சேர்ந்து வாசிக்கச் செய்தார். ஒருவர் எழுதி வைத்த ஸ்வரத்தைவிட்டு இம்மியும் விலகாத மரபில் வந்தவர். மற்றவர் எழுதி வைத்ததை மறப்பதையே வித்தையாகக் கொண்டவர். அந்தச் சந்திப்பிலிருந்து வருஷக் கணக்கில் நட்பும் பல இசைத்தட்டுகளும் பிறந்தன. மெனுஹின் 1952-ல் நம் நாட்டுக்கு வந்து நம் சங்கீதத்தில் மனத்தைப் பறிகொடுத்தவர். ரவிசங்கருடன் சேர்ந்து வாசித்தவர். அப்படிப்பட்டவருக்குப் புதிதாய் ஒரு வாசலைத் திறந்துவிட ஒரு பேச்சுக் கச்சேரி உதவியிருக்கிறது என்றால், அது சாமானியமா?

இதே பார்கின்ஸனை 1976-ம் வருஷம் ஒரு ஹாஸ்யக்காரர் கையில் மாட்டிக் கொண்டு வந்த பொம்மைப் பறவை, தாக்கி நாற்காலியிலிருந்து கீழே தள்ளிவிட்டது. எத்தனையோ மேதைகளோடு பேசியும், ஜனங்கள் தம்மை அந்தப் பறவைக்காகவே நினைவு வைத்திருப்பார்கள் என்று அவர் பிற்பாடு அலுத்துக் கொண்டதுண்டு. புகழின் போக்கு அப்படித்தான்!

*

ஏன் இதைக் கச்சேரி என்று சொன்னேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். சபை நடத்துகிறவர்தான் பிரதான வித்வான் என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். சில சமயம் அவரே நினைத்துக் கொண்டுவிடுகிறார். உண்மையில் அவர் பக்கவாத்தியம். பாடகர் ஆலாபனை செய்யும்போது மிருதங்க வித்வான் கையைக் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர் அப்போது சும்மா இருக்கிறார் என்றா அர்த்தம்? அவர் கேட்டுக் கொண்டிருக்கிறார். எங்கே எடுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அளந்து கொண்டிருக்கிறார். ஆலாபனையின் நடுவே ஒரு தட்டுத் தட்டினால் கச்சேரி கெட்டது. பேச்சுக் கச்சேரியிலும் அப்படியே. விருந்தாளி பதிலைத் தேடிக் கொண்டு ஒரு விநாடி மௌனமாய் இருக்கிறார். பயந்தவர் அந்த மௌனத்தில் அடுத்த கேள்வியைத் திணித்துவிடுவார். தேர்ந்தவர் காத்திருப்பார். நல்ல பதில்கள் எல்லாம் அந்த மௌனத்துக்கு அப்புறந்தான் வருகின்றன. வகுப்பிலும் நான் பார்த்திருக்கிறேன்: "புரிந்ததா?" என்று கேட்டால், "புரிந்தது, ஸார்!" என்று ஐம்பது குரல்கள் வரும். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தால், கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு குரல் வரும். அந்த ஒரு குரலுக்காகத்தான் நாம் வகுப்புக்கே போகிறோம்.

இந்நாளில் எல்லாத் தேசங்களிலும் இந்தக் கச்சேரிக்கு ஒரு நோய் வந்திருக்கிறது. விருந்தாளிகள் விருந்துக்காக வருவதில்லை. சரக்கு விற்பதற்கு வருகிறார்கள். புதுப் படம் வெளியாகிற வாரம் நடிகர் வருவார். புதுப் பாட்டு வெளியாகிற வாரம் பாடகர் வருவார். பத்து நிமிஷம் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். கேள்வியும் முன்னால் தெரியும். பதிலும் முன்னால் தெரியும். இடறி விழுவதற்கு அங்கே இடமே இல்லை; ஆகவே எழுந்து நிற்பதற்கும் இடமில்லை.

டிவாலராவின் எச்சரிக்கையில் நன்மை, தீமை என்று இரண்டு பக்கமும் இருந்தன. எது விளையும் என்பதைப் பெட்டி தீர்மானிக்கவில்லை. அதன் நடுவே போட்டிருந்த நாற்காலியும், அதில் உட்கார்ந்தவருக்குக் காது இருந்ததா என்பதும் தீர்மானித்தன. நம் வீடுகளிலும் வாரந்தோறும் யாராவது விருந்துக்கு வருகிறார்கள். இலையில் பதார்த்தங்களை நிரப்புவதில் நம்மை மிஞ்ச யாருமில்லை. சாப்பாடு ஆன பிறகு திண்ணையில் அவரை உட்கார வைத்து, ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும் வரையில் வாயை மூடிக் கொண்டிருப்பதும் உபசாரத்தில் சேர்ந்ததுதான். தாம்பூலத்துக்கு முன் ஒரு பாட்டும் கிடைத்துவிட்டால், கச்சேரி பூர்த்தி!